இனங்காணல்: உழுத வயலில் கிடைத்த ஓர் உரோமக் கருவி

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விடுமுறை நாட்களில் உழுத வயல்களின் குறுக்கே சிலர் மெதுவாக நடந்து திரிவார்கள். காதில் ஹெட்போன்; கையில் நீண்ட தடி; தடியின் அடியில் வட்டத் தட்டு. மெட்டல் டிடெக்டர் என்ற அந்தக் கருவி, மண்ணுக்குள் உலோகம் இருந்தால் ஒலியெழுப்பும். தூண்டில் போடப் போவதுபோல அவர்களுக்கு இது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு. காணிச் சொந்தக்காரரின் அனுமதி இருந்தால், பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்கள் நீங்கலாக, அந்த நாட்டுச் சட்டம் இதற்கு இடங்கொடுக்கிறது. (நம் நாட்டில் கதை வேறு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். இதை வாசித்துவிட்டு யாரும் மண்வெட்டியைத் தூக்க வேண்டாம்.)

அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஆணி, பொத்தான், துப்பாக்கிச் சன்னம், போத்தல் மூடி. எப்போதாவது ஒருநாள் பச்சைக் களிம்பு பிடித்த மெல்லிய குச்சி ஒன்று அகப்படும். ஒரு முனை சிறு குமிழ். மறுமுனை தட்டையான கரண்டி. 'உரோமர் காலத்து அறுவைச் சிகிச்சைக் கருவி' என்ற பெயர் உடனே வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெயர் எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது, அதை எப்படித் தீர்மானிப்பது என்பதே இக்கட்டுரையின் விடயம்.

நான் தொல்லியல் படித்தவனல்ல, தமிழ் படித்தவன். இதற்குள் என்னை இழுத்துவிட்டது வட்ஸ்அப்பில் வந்த ஒரு போட்டோ. இங்கிலாந்தில் குடியேறிய என் பழைய மாணவர் ஒருவர் அனுப்பியிருந்தார். அவரோடு வேலை செய்யும் பெரியவர் ஒருவர் வயலில் எடுத்ததாம். "சேர், இது ரோமாக்காரர்ட காலத்து டொக்டர்மார் ஒப்பரேசனுக்குப் பாவிச்ச சாமான் எண்டு எல்லாரும் சொல்றாங்க. உண்மையா இருக்குமா?" என்று கேட்டிருந்தார். நீளம் ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர். ஒரு முனையில் ஒலிவ் விதைபோல ஒரு குமிழ். மறுமுனையில் தட்டையான இலை. அதில் பாதி உடைந்திருந்தது. நடுத்தண்டில் சிறு வளையங்கள் கடைந்திருந்தன. விடை தேடிப் பல நாள் வாசித்தேன். கிடைத்த விடையைவிட, விடைக்குப் போகும் வழி எனக்குப் பெரிதாகப் பட்டது. அந்த வழி நமக்கு ஏற்கெனவே பழக்கமானதுதான் என்பது பிறகு விளங்கியது.

உலோகமும் உருவமும்

பிரித்தானியாவில் உரோமர் ஆட்சி கி.பி. 43இல் தொடங்கி ஏறத்தாழ 410 வரை நடந்தது. அக்காலத்து மருத்துவர்களின் கருவிகளில் பெரும்பகுதி வெண்கலம், பித்தளை போன்ற செம்புக் கலவைகளால் ஆனது. வெட்டும் அலகு மட்டும் இரும்பு. மண்ணுக்குள் இந்த இரண்டுக்கும் கதி ஒன்றல்ல. செம்புக் கலவை பச்சைக் களிம்பு பூத்து நிலைத்துவிடும். இரும்பு துருவாகி உதிர்ந்துவிடும். ஆகையால் உரோமரின் அறுவைக் கத்தி பெரும்பாலும் முழுக் கத்தியாக நம் கைக்கு வராது. பிடி மட்டும் வரும். அதன் ஒரு முனையில் அலகு செருகியிருந்த பிளவு இருக்கும். மறுமுனையில் இலை வடிவத் தட்டை இருக்கும். அந்தத் தட்டை, தசையை வெட்டாமல் மெல்ல விலக்கிப் பிரிப்பதற்கானது. பிளவையும் இலையையும் ஒன்றாகக் கண்டால், அது அறுவைக் கத்தியின் பிடி என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

குச்சி வடிவக் கருவிகள்தான் அதிகம் கிடைக்கின்றன. நம் சித்த வைத்தியத்தில் 'சலாகை' என்று சொல்வது இந்த வகைதான். உரோமச் சலாகைகளை முனையைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். இரு முனையிலும் குமிழ் இருந்தால் அது புண்ணின் ஆழம் பார்க்கும் சலாகை. ஒரு முனை குமிழும் மறுமுனை தட்டை இலையுமாக இருந்தால் அதன் கிரேக்கப் பெயர் 'ஸ்பாதோமேலே'. தட்டை இலைக்குப் பதிலாக நீண்டு குழிந்த கரண்டி இருந்தால் 'கியாதிஸ்கோமேலே'. மெல்லிய தண்டின் நுனியில் சிறு வட்டத் தட்டுச் சற்றே சாய்ந்து நின்றால் அது 'லிகுலா'.

இவற்றோடு சாமணங்கள், கூர்க் கொக்கிகளும் மழுங்கற் கொக்கிகளும், சிறுநீர் இறக்கும் வளைந்த குழாய்கள், மணி வடிவ வெண்கலக் குடுவைகள் என்பனவும் உண்டு. இந்தக் குடுவையை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஹிஜாமாவுக்குத் தோலில் கவிழ்த்து வைக்கும் அதே வகைதான்.

ஒரு குச்சிக்குப் பல வேலை

இவ்வளவும் தெரிந்தபின் என் மாணவருக்கு உடனே பதில் எழுதியிருக்கலாம்: ஸ்பாதோமேலே, உரோமர் காலம், மருத்துவக் கருவி, முடிந்தது. ஆனால் வாசிக்க வாசிக்கச் சிக்கல் கூடியது.

லிகுலாவை எடுத்துக்கொள்வோம். கழுத்துக் குறுகிய கண்ணாடிக் குப்பியிலிருந்து தைலம் எடுக்க அது உதவும். அதே தைலம் மருந்தாகவும் இருக்கலாம், முகப்பூச்சாகவும் இருக்கலாம். சிறிய தட்டுள்ள லிகுலாவைக் காதுக்குறும்பி எடுக்கவும் பாவிக்கலாம். ஸ்பாதோமேலேயின் இலை மருந்தைக் கலந்து பூசுவதற்கு வசதியானது. ஓவியனுக்கும் வர்ணம் கலக்க அதே இலை வசதிதான். சாமணம் மருத்துவரிடம் இருந்தது, முடி பிடுங்கும் சீமாட்டியிடமும் இருந்தது. உரோமப் பிரித்தானியாவில் சாமணம், நகக்கண் சுத்தம் செய்யும் குச்சி, குறும்பி வாங்கி மூன்றையும் ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. அந்த வளையம் அறுந்து மூன்றும் மூன்று இடத்தில் விழுந்தால், 1800 வருடத்துக்குப் பிறகு எடுப்பவர் மூன்றையும் மருத்துவக் கருவி என்றுதான் நினைப்பார். மெழுகுப் பலகையில் எழுதும் எழுத்தாணிகூட ஆட்களைக் குழப்பும். அதன் ஒரு முனை கூர், எழுதுவதற்கு. மறுமுனை தட்டை, எழுதியதை அழிப்பதற்கு.

மொழி படித்தவனுக்கு இதில் ஒரு சுவையும் உண்டு. மேலே வந்த இரண்டு கிரேக்கப் பெயர்களிலும் இறுதியில் நிற்கும் 'மேலே' (நம்முடைய மேலே, கீழே அல்ல) என்ற சொல்லுக்குப் பொருள் சலாகை. அரபியில் சலாகைக்குப் பெயர் 'மீல்'. இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். மீல் என்பது மருத்துவர் புண்ணை ஆராயும் கம்பிக்கும் பெயர். கண்ணுக்குச் சுர்மா இடும் குச்சிக்கும் பெயர். அலங்காரத்துக்கும் வைத்தியத்துக்கும் நடுவில் நாம் இழுக்கும் கோட்டை அந்தக் காலத்து ஆட்கள் அவ்வளவு கறாராக இழுக்கவில்லை. சுர்மா அழகுக்கா, கண்ணின் சுகத்துக்கா என்று நம்மட உம்மம்மாவிடம் கேட்டிருந்தால், "ரெண்டுக்கும்தான்" என்றிருப்பார்.

வினை, இனம், சார்பு

அப்படியானால் எதையுமே தீர்மானிக்க முடியாதா? முடியும். அதற்கான முறையைத் தொல்காப்பியர் சொற்களுக்காகச் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் 'பல பொருள் ஒரு சொல்' பற்றிப் பேசும் இடம் அது. ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருக்கும்போது, எந்தப் பொருள் என்பதை வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியலாம் என்பது அவர் காட்டும் வழி.

வகுப்பில் நான் 'மா' என்ற சொல்லை வைத்து இதை விளக்குவதுண்டு. 'மா பூத்தது' என்றால் மரம். 'மா மேய்ந்தது' என்றால் விலங்கு. 'மா அரித்தாள்' என்றால் சமையலறை மா. இங்கே பொருளைக் காட்டுவது வினை. 'மாவும் பலாவும்' என்றால் ஒன்று, 'மாவும் சீனியும்' என்றால் வேறொன்று. இங்கே காட்டுவது பக்கத்தில் நிற்கும் இனம். போர்க்களத்தில் ஒருவன் மா கொண்டுவரச் சொன்னால் குதிரை வரும். அடுப்படியில் சொன்னால் மாப் பேணி வரும். இது சார்பு. 'மா' என்று மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பொருள் கேட்டால், கெட்டிக்கார மாணவன் பதில் சொல்லமாட்டான். "சேர், வசனத்தைச் சொல்லுங்க" என்பான்.

வயலில் தனியே கிடைத்த வெண்கலக் குச்சியும் கரும்பலகையில் தனியே எழுதிய 'மா' போன்றதுதான். வசனம் தெரிந்தால்தான் பொருள் தெரியும். தொல்லியலாளர் செய்வதும் இந்த மூன்று சோதனைகளையே.

முதலாவது வினை. கருவி என்ன செய்திருக்க முடியும் என்பதை அதன் உடம்பிலேயே தேடுவது. சாமணத்தின் வாய் வழவழப்பாக இருந்தால் அது எந்த வீட்டுச் சாமணமாகவும் இருக்கலாம். உட்புறத்தில் பல் வெட்டி ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்திருந்தால், தசையையோ சதைவளர்ச்சியையோ இறுகப் பிடிக்கச் செய்தது என்று கொள்ள இடமுண்டு. சலாகையின் குமிழ் உருண்டு திரண்டிருப்பது புண்ணைக் கிழிக்காமல் உள்ளே போவதற்கு. கி.பி. முதலாம் நூற்றாண்டில் இலத்தீனில் மருத்துவநூல் எழுதிய செல்சஸ், காதுக்குள் அகப்பட்ட பொருளை எடுக்கச் சலாகையில் கம்பளி சுற்றி, ஒட்டும் பிசினில் தோய்த்து உள்ளே விடச் சொல்கிறார். குச்சியின் முனை ஏன் இப்படி இருக்கிறது என்று விளங்க இவ்வாறான குறிப்புகள் உதவுகின்றன.

வினையைப் பார்ப்பவர்கள் கழுவுவதற்கு ஏன் பயப்படுகிறார்கள் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. இத்தாலியின் டஸ்கனிக் கரையோரம், பொஸினோ என்ற இடத்தில், கிறிஸ்துவுக்கு முந்திய காலத்துக் கப்பலொன்று மூழ்கிக் கிடந்தது. அதிலிருந்த மருத்துவச் சாமான்களிடையே ஒரு தகரச் செப்பு. அதற்குள் வட்ட மாத்திரைகள். 2013இல் வெளிவந்த ஆய்வில் அவற்றில் துத்தநாகச் சேர்மங்களும் தேன்மெழுகும் பைன் மரப் பிசினும் இருந்தது தெரியவந்தது. கண் மருந்தாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. யாராவது அந்தச் செப்பைத் தேய்த்துக் கழுவி மினுக்கியிருந்தால் இந்தக் கதை தண்ணீரோடு போயிருக்கும்.

இரண்டாவது இனம். இதுதான் மூன்றிலும் வலிமையானது. நம்மட ஊர்களில் ஒஸ்தா மாமாவின் பெட்டியை நினைத்துப் பாருங்கள். பிறந்த பிள்ளைக்கு முடி இறக்குவதும் அவரே, சுன்னத்துச் செய்வதும் அவரே. அந்தப் பெட்டியிலிருந்து கத்தியை மட்டும் தனியே எடுத்து மேசையில் வைத்தால் அது சவரக் கத்தி. பெட்டியோடு, மருந்தோடு, துணியோடு வைத்தால்தான் அவருடைய முழுத் தொழிலும் தெரியும்.

உரோமக் கருவிகளும் அப்படித்தான். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை மூடிய பொம்பெயி நகரில், 1770களின் தொடக்கத்தில் ஒரு வீட்டைத் தோண்டியபோது ஏறத்தாழ 40 மருத்துவக் கருவிகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அதனாலேயே அதற்கு 'அறுவைச் சிகிச்சையாளர் வீடு' என்று பெயர் வந்தது. இத்தாலியின் ரிமினி நகரில் 1989இல் வெளிப்பட்ட வீடு இன்னும் பெரிய சாட்சி. மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தீயில் இடிந்து விழுந்த அந்த வீட்டுக்குள், மருந்து அரைக்கும் உரல்களோடு 150க்கும் மேற்பட்ட கருவிகள் இருந்தன. அந்தக் கூட்டத்துக்குள் இருக்கும் ஸ்பாதோமேலேயைப் பார்த்து, இது ஓவியனுடையதோ என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஜெர்மானிய ஆய்வாளர் ஏர்ன்ஸ்ட் கியூன்ஸ்ல் 1980களில் உரோமக் கல்லறைகளிற் கிடைத்த மருத்துவக் கருவிகளை மட்டும் தனியே தொகுத்து ஆராய்ந்தார். காரணம் இதுதான்: கல்லறைக்குள் ஒருவரோடு வைத்த கருவிகள் ஒரே ஆளின் தொகுதியாகக் கிடைக்கின்றன. இங்கிலாந்தில் கொல்செஸ்டர் நகருக்கு அருகிலுள்ள ஸ்டான்வேயில் 1996இல் தோண்டிய கல்லறை இதற்கு நல்ல உதாரணம். உரோமர் வந்திறங்கிய காலத்தை ஒட்டியது அது. அறுவைக் கத்திகள், சிறு வாள், கொக்கிகள், ஊசிகள், சாமணம் எனப் பத்துக்கும் மேற்பட்ட கருவிகள் அதில் இருந்தன. கூடவே காய்கள் அடுக்கி வைத்த ஓர் ஆட்டப் பலகை, மூலிகையின் எச்சம் தங்கிய வடிபாத்திரம், என்ன நோக்கத்துக்கென்று உறுதியாகத் தெரியாத உலோகக் கம்பிகள். கருவிகள் மருத்துவக் கருவிகள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆள் மருத்துவர் மட்டும்தானா, குறி பார்ப்பவருமா என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. கருவிக்குப் பெயர் வைப்பது வேறு, அதைப் பிடித்த கைக்குப் பெயர் வைப்பது வேறு.

இந்த இடத்தில் மெட்டல் டிடெக்டரின் குறை நன்றாகத் தெரிகிறது. வயல் முழுக்க ஆணி கிடப்பதால், பலர் இரும்புக்கு ஒலியெழுப்பாதபடி கருவியைச் சரிசெய்துகொள்கிறார்கள். அப்படியானால் இரும்பு அலகுக்கு அது ஊமை. மரக் குப்பிக்கும், மண் உரலுக்கும், மூலிகைக்கும் அது எப்போதுமே ஊமைதான். பிரான்ஸ், ஜெர்மனி, பிரித்தானியப் பகுதிகளில் உரோமக் கண் மருத்துவர்களின் முத்திரைக் கற்கள் கிடைத்திருக்கின்றன. கைக்குள் அடங்கும் சிறு கல். அதன் ஓரங்களில் மருத்துவர் பெயர், மருந்தின் பெயர், எந்த நோய்க்கு என்பதெல்லாம் கண்ணாடி எழுத்தாக வெட்டப்பட்டிருக்கும். மருந்துக் கட்டியில் அதை அழுத்தினால் எழுத்து நேராக விழும். தன் பெயரைத் தானே சொல்லும் சாமான் இதைவிட வேறில்லை. ஆனால் அது கல். பக்கத்தில் அது கிடந்தாலும் மெட்டல் டிடெக்டர் கண்டுகொள்ளாமல் கடந்து போய்விடும்.

மூன்றாவது சார்பு, அதாவது கிடந்த இடம். கோட்டைக்குள்ளா, வீதியோரக் குடியிருப்பிலா, ஆலயத்தருகிலா, வெறும் வயலிலா என்பது பொருளை மாற்றும். உதாரணமாக, வட இங்கிலாந்தில் ஹேட்ரியன் மதிலை ஒட்டிய ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்குள் படையினரின் மருத்துவமனை என்று கருதப்படும் ஒரு கட்டடம் உண்டு. அதுபோன்ற இடத்தில் அகப்படும் சலாகையும், எந்தத் தடயமுமில்லாத வயலில் அகப்படும் சலாகையும் உருவத்தில் ஒன்றாக இருக்கலாம்; சாட்சியில் ஒன்றல்ல.

இதற்காகத்தான் கண்டெடுத்த இடத்தைப் பதியச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்கள் கண்டெடுக்கும் தொல்பொருட்களைப் பதிவதற்கென்று 1997இல் ஒரு திட்டம் தொடங்கியது. இங்கிலாந்தில் பிரித்தானிய அருங்காட்சியகம் அதை நடத்துகிறது. அதன் அலுவலர்கள் பல பிரதேசங்களிலும் இருக்கிறார்கள்; பொருளைக் கொண்டுபோய்க் காட்டினால் படமெடுத்து, அளந்து, இடத்தைக் குறித்து, திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இதுவரை 15 இலட்சத்துக்கும் அதிகமான பொருட்கள் பதிவாகியுள்ளன. ஆனால் இது கட்டாயமில்லை. 1996ஆம் ஆண்டின் புதையற் சட்டம் முக்கியமாகப் பொன்னையும் வெள்ளியையும் காசுக் குவியல்களையும் பார்க்கிறது. 2023இல் அதை விரிவாக்கி, மிகச் சிறப்பான பிற உலோகப் பொருட்களையும் சேர்த்தார்கள். என்றாலும் சாதாரண வெண்கலச் சலாகை ஒன்று அதற்குள் வராது. அதைப் பதிவதா, அலுமாரிக்குள் வைப்பதா, 'அறுவைச் சிகிச்சைக் கருவி' என்று எழுதி விற்பதா என்பது எடுத்தவரின் மனச்சாட்சியைப் பொறுத்தது. இடம் பதியாமல் ஒரு கை மாறிவிட்டால் சார்பு போய்விடும். பிறகு எந்தப் பேராசிரியராலும் அதை மீட்க முடியாது.

என் மாணவருக்கு நான் எழுதிய பதில் இதுதான்: உருவத்தைப் பார்த்தால் உரோமர் காலத்து ஸ்பாதோமேலே போல இருக்கிறது. மருந்து கலக்கவும் பூசவும் ஏற்றது. வேறு வேலைகளுக்கும் ஏற்றது. பக்கத்தில் என்ன இருந்தது என்று தெரியாததால் அதற்குமேல் போக முடியாது. அந்தப் பெரியவர் தேய்த்துக் கழுவாமல் அலுவலரிடம் காட்டி, இடத்தைப் பதியட்டும். "அப்ப டொக்டர்ட சாமான் எண்டு சொல்லேலாதா சேர்?" என்று கேட்டார். "சொல்லலாம். 'ஆக இருக்கலாம்' எண்ட ரெண்டு சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றேன்.

ஏடும் படமும்

மண் தராத சாட்சியைச் சில வேளை ஏடு தரும். செல்சஸ், கேலன் (நம் மரபில் ஜாலீனூஸ்), ஏழாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவோடு தொடர்புடைய ஏஜினாவின் பவுலுஸ் ஆகியோர் எழுதியவற்றில் கருவிகளின் பெயர்கள் நிறையவே வருகின்றன. கேலன் கருவி செய்விப்பதிலும் ஈடுபட்டவர். கி.பி. 192இல் உரோம் நகரில் மூண்ட தீயில் தன் உடைமைகளை இழந்ததுபற்றி அவர் எழுதிய கடிதம் 2005இல்தான் தெசலோனிக்கி மடாலயமொன்றில் அடையாளம் காணப்பட்டது. கருவிகளும், தானே வடிவமைத்தவற்றுக்குச் செய்து வைத்த மெழுகு மாதிரிகளும் எரிந்துபோனதாக அதில் சொல்கிறார்.

ஆனால் இந்த நூல்கள் வழியாக நமக்குப் பெயர்கள்தான் வந்து சேர்ந்தன, உருவங்கள் வரவில்லை. பொம்பெயி வீட்டில் உருவங்கள் கிடைத்தன. அவற்றில் பெயர் எழுதியிருக்கவில்லை. பெயரையும் உருவத்தையும் யார் சேர்த்து வைப்பது? இங்கேதான் நமக்குத் தெரிந்த ஒருவர் வருகிறார்.

குர்துபாவுக்கு அருகிலுள்ள மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்த அபுல் காஸிம் அஸ்-ஸஹ்ராவி, கி.பி. 1000ஐ ஒட்டி 'அத்தஸ்ரீஃப்' என்ற 30 பாகங்கள் கொண்ட மருத்துவப் பெருநூலை எழுதி முடித்தார். இறுதிப் பாகம் அறுவைச் சிகிச்சை. அதில் ஏறத்தாழ 200 கருவிகளைப் படமாக வரைந்து, எது எதற்கு, எப்படிப் பிடிப்பது என்று பக்கத்திலேயே எழுதினார். சூட்டுக்கோல், சலாகை, கொக்கி, கத்தி, பல் துப்புரவுக் கருவி, இரத்தம் குத்தி எடுக்கும் குடுவை எல்லாம் அதில் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெரார்ட் அதை இலத்தீனுக்குக் கொண்டுபோனார். 1907இல் ஜோன் ஸ்டுவர்ட் மில்ன் கிரேக்க, உரோம அறுவைக் கருவிகள் பற்றிய தன் நூலை எழுதியபோது, பழைய நூல்களோடும் அருங்காட்சியகப் பொருட்களோடும் ஸஹ்ராவியின் படங்களையும் துணைக்கு எடுத்துக்கொண்டார். பிரித்தானிய வயலில் கிடைக்கும் குச்சிக்கும் அந்தலூஸில் எழுதிய அரபு நூலுக்கும் உள்ள உறவு இது.

இந்தத் துணையையும் அளவோடுதான் கொள்ள வேண்டும். ஸஹ்ராவி வரைந்தவை அவர் காலத்துக் கருவிகள். பொம்பெயி அழிந்து 900 வருடத்துக்கும் பிந்தியவை. நூலைப் பிரதி செய்தவர்கள் படங்களையும் கையால் பிரதி செய்ததால், ஏட்டுக்கு ஏடு உருவம் மாறும். அலங்காரம் கூடும், அளவு குறையும். சுவடி படித்தவர்களுக்கு இது புதிதல்ல; பாடபேதம் எழுத்துக்கு மட்டுமா வரும்?

நாம் ஒட்டும் பெயர்கள்

இவ்வளவு தூரம் வாசகர்களை அழைத்து வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாடசாலை மீலாத் மலர்களிலும், மாணவர் பேச்சுப்போட்டிகளிலும், ஏன், நம் சஞ்சிகைகளிலும் ஒரு வசனத்தை அடிக்கடி காண்கிறேன்: 'ஸஹ்ராவி 200 அறுவைக் கருவிகளைக் கண்டுபிடித்தார்.' வயலில் குச்சியை எடுத்தவர் சொன்ன 'டொக்டர்ட சாமான்' போன்றதுதான் இதுவும். சொல்பவருக்குக் கெட்ட நோக்கம் எதுவுமில்லை. ஆனால் இனம், சார்பு எதையும் பார்க்காமல் ஒட்டிய பெயர்.

பார்த்தால் என்ன தெரிகிறது? அறுவைக் கத்தி, சலாகை, கொக்கி, சாமணம், ஹிஜாமாக் குடுவை, சிறுநீர்க் குழாய் எல்லாம் பொம்பெயி மண்ணுக்குள் ஏற்கெனவே இருந்தவை. அறுவை பற்றிய பகுதிகளில் ஸஹ்ராவி பவுலுஸின் நூலிலிருந்து நிறையவே எடுத்துக்கொண்டிருக்கிறார். அதை எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அறுவைக்குக் கை வைக்கும் முன் ஜாலீனூஸ் சொன்ன உடற்கூற்றைப் படித்திருக்க வேண்டும் என்று அவரே தன் முன்னுரையில் வற்புறுத்துகிறார். பெற்றதைப் பெற்றதாகச் சொல்லும் பண்பு அவரிடம் இருந்தது. அவரைப் புகழ்கிறோம் என்று அதை நாம் அழிக்கிறோம்.

உண்மையில் அவர் செய்தது சிறிய வேலையா? பெயராக மட்டும் வந்தவற்றுக்கு உருவம் கொடுத்தார். கருவியையும் அதன் வேலையையும் ஒரே பக்கத்தில் வைத்தார். தன் கைப் பழக்கத்தில் கண்டதைச் சேர்த்தார். பணிப்பெண் ஒருத்தி கத்தியால் தன் தொண்டையை வெட்டிக்கொண்டபோது தான் தைத்துக் காப்பாற்றியதையும், தொண்டைக் குழாயைத் திறப்பது ஆள் கொல்லும் காரியமல்ல என்று அதிலிருந்து தான் அறிந்துகொண்டதையும் எழுதி வைத்திருக்கிறார். வினை, இனம், சார்பு மூன்றையும் கருவியோடு சேர்த்துப் பின்வந்தவர் கையில் கொடுத்தவர் அவர். 'கண்டுபிடித்தார்' என்ற ஒற்றைச் சொல்லில் இவ்வளவும் மறைந்துபோகிறது.

நாம் இலங்கைத் தமிழில் ஒன்றை அடையாளம் காண்பதை 'இனங்காணல்' என்கிறோம். நல்ல சொல். ஒரு பொருளின் இனத்தை, அதோடு சேர்ந்து கிடந்தவற்றைக் கண்டபிறகே அது இன்னதென்று சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பேச்சுப்போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் ஆசிரியர்கள் அடுத்த முறை அந்த வசனத்தை இப்படி மாற்றி எழுதிக் கொடுக்கலாம்: 'ஏறத்தாழ 200 அறுவைக் கருவிகளை ஸஹ்ராவி படம் வரைந்து விளக்கினார்.' யார் கேட்டாலும் ஆதாரம் காட்டலாம். கேட்பவர் தொல்லியல் படித்தவராக இருந்தாலும் நம் பிள்ளை தலை குனிய வேண்டியிருக்காது.